நடைபாதை மனநோயாளிகளும் ஊரடங்குக் காலமும்

மனச்சிதைவு நோயுடன் சென்னையின் நடைபாதையில் வாழும் ஒருவரின் மனத்தை ஓரளவேனும் நிலையாக வைத்திருப்பது, மருந்தோடு சேர்ந்த ஒரு மெல்லிய தினசரி ஒழுங்குதான். காலையில் தெரிந்த டீக்கடை, மதியம் கோயில் அன்னதானம், இரவில் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலின் வெளிச்சம் என்று நகரும் அந்த ஒழுங்கு, 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் ஒரே வாரத்தில் அறுந்துபோனது.

பசியும் உறக்கமின்மையும் அச்சமும் நீடித்தால், அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது; அந்த அழுத்தம், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டையும் மூளையில் தூண்டிவிடுகிறது. எது முக்கியம், எது முக்கியமல்ல என்று தரம் பிரிப்பதில் டோபமினுக்குப் பெரும்பங்கு உண்டு. அது மிகும்போது, தெருமுனையில் விசில் ஊதும் காவலரும் முழுக்கவச உடையில் மருந்து தெளிக்கும் ஊழியரும் தன்னையே குறிவைத்து வந்தவர்களாகத் தோன்றுவார்கள். அப்படித் தோன்றியவர் ஓடி ஒளிவதைக் கண்டு, ஊரடங்கை மீறுகிறார் என்று யாரும் எளிதில் முடிவுகட்டிவிடலாம் என்பதுதான் வேதனை.

மாத்திரை தடைப்பட்டால் நோய் மறுநாளே திரும்புவதில்லை. பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்தே திரும்புவதால், காரணம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மருந்தை விடாதவர்களுக்கும் வேறொரு சிக்கல் உண்டு. பீடிப் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள், மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் என்ற மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுபவை. கடைகள் அடைபட்டுப் பீடி திடீரென நின்றுவிட்டால், அதே அளவு மாத்திரையே இரத்தத்தில் மிகையாகித் தள்ளாட்டத்தையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். கடுமையான நோய்த்தொற்று அந்த நொதியை மேலும் மந்தமாக்கும்.

தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படைக்கும் கடமையை, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு காவல்துறைக்கு விதித்திருக்கிறது. சென்னையில் அதற்கென 1794 முதல் இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ‘தி பான்யன்’ போன்ற தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் கொரோனா பரிசோதனைக்கே கைபேசி எண்ணும் அடையாள அட்டையும் கேட்கப்பட்டன. வீடற்ற மனநோயாளிகளிடம் அவற்றை வற்புறுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

மாத்திரைப் பட்டையைப் பத்திரமாக வைக்க ஓர் அலமாரிகூட இல்லாதவருக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் நீடித்துச் செயல்படும் ஊசி பெரிதும் உதவும். அதைப் போட ஒரு செவிலியர் அந்த நடைபாதைக்கே போனால் போதும்.