உருளும் சக்கரத்தில் எத்தனை இயக்கங்கள்?

மிதிவண்டியின் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, வண்டியை மெல்ல உருட்டச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று அந்தப் புள்ளியை மட்டும் பாருங்கள். அது வட்டமிடுவதில்லை, தரையிலிருந்து மேலெழுந்து, வளைந்து இறங்கி, தரையைத் தொட்டு, அடுத்த வளைவைத் தொடங்குகிறது. சக்கரம் சறுக்காத வரை, தரையைத் தொடும் கணத்தில் அப்புள்ளியின் வேகம் சுழியம். உச்சியிலோ வண்டியின் வேகத்தைப் போல் இரு மடங்கு. வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் டயரின் உச்சி 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அச்சின் நேர்கோட்டு இயக்கமும் சக்கரத்தின் தற்சுழற்சியும் கூடியதே அந்த வளைந்த பாதை.

நேர்கோட்டு இயக்கம், வட்ட இயக்கம், தற்சுழற்சி, அலைவு, ஒழுங்கற்ற இயக்கம் என்று பள்ளியில் பிரித்துப் படிக்கிறோம். இது பாதையின் வடிவத்தை வைத்துச் செய்த பிரிவு. தொடக்கத்திற்கு அது போதும். ஆனால் திசைவேகம், அதாவது திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம், மாறுகிறதா, எப்படி மாறுகிறது என்ற கேள்வியே இயக்கத்தின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கிறது.

கையிலிருந்து விடுபட்ட கல் முதல் நொடியில் சுமார் 4.9 மீட்டரும், இரண்டாம் நொடியில் 14.7 மீட்டரும், மூன்றாம் நொடியில் 24.5 மீட்டரும் விழுகிறது. அதாவது 1, 3, 5 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதம். நேரடியாக விழும் பொருளை அளக்க அக்காலத்துக் கடிகாரங்களால் இயலாததால், கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, ஒழுகிய நீரின் எடையைக் கொண்டு நேரத்தைக் கணித்து, இந்த விகிதத்தைக் கண்டார். 1638ஆம் ஆண்டு வெளியான அவரது நூலில் இது விளக்கப்பட்டுள்ளது.

வட்ட இயக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேகம் மாறாமல் சுற்றும் பொருளுக்கு முடுக்கம், அதாவது திசைவேக மாற்றம், உண்டா? உண்டு. வேகத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை கணந்தோறும் மாறுவதால், மையத்தை நோக்கிய ஒரு விசை அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே வளைவில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்த விசை நான்கு மடங்கு தேவைப்படும். சாலை வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. நிலா ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்கிறது. அதற்குள் நேர்கோட்டிலிருந்து விலகி, பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டர் அளவே விழுகிறது. அந்தச் சிறு வீழ்ச்சிதான் அதன் பாதையை வளைத்து நம்மைச் சுற்ற வைக்கிறது.

அலைவு இயக்கம் வட்ட இயக்கத்திற்கு அயலானது என்று தோன்றும். ஆனால் சுழலும் தட்டின் விளிம்பில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தி, சற்றுத் தொலைவில் இருந்து டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால், சுவரில் விழும் நிழல் வட்டமிடாமல் இங்கும் அங்கும் ஆடும். ஓரங்களில் தயங்கித் திரும்பும், நடுவில் விரைந்து கடக்கும். சுருள்வில்லில் தொங்கும் எடையும், சிறு கோணத்தில் ஆடும் ஊசலும் இதே முறையில்தான் ஆடுகின்றன. இதற்குத் தனிச்சீரிசை இயக்கம் என்று பெயர். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று திரும்ப ஏறக்குறைய 2 நொடி எடுக்கும். குண்டின் எடையை மாற்றினாலும் அந்நேரம் மாறாது, நீளத்தை நான்கு மடங்காக்கினால்தான் இரு மடங்காகும். 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியது இந்த ஒழுங்கை நம்பியே.

ஒழுங்கற்ற இயக்கத்தை மீதமுள்ளவற்றைப் போட்டுவைக்கும் பெட்டியாகக் கருதுவது தவறு. மகரந்தத் தூளிலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதை 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு துகள் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் சராசரியாக அது இரு மடங்கு தொலைவு விலக நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பதைச் சொல்லிவிடலாம். அக்கணக்கை பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் சோதனைகளால் உறுதி செய்தபோது, அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்று ஐயுற்றிருந்த அறிவியலாளர் பலரும் அவற்றை ஏற்றுக்கொண்டனர்.