‘பாயிண்ட் ஸ்பிரெட்’: பரவலா, விட்டுக்கொடுப்பா?

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஓர் அக்கா ஒரு காற்பந்துப் பந்தயச் சீட்டை என்னிடம் நீட்டினார். “தம்பி, இவரு காசு கட்டுன டீம்தான் நேத்து ஜெயிச்சுது. நானே டிவியில பாத்தேன். அப்புறம் எப்படிக் காசு போச்சு?” சீட்டில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் -1.5 என்று சின்னதாக அச்சாகியிருந்தது. ஆட்டம் 1-0. கணவர் மறைக்கிறாரோ என்ற சந்தேகம் அந்த அக்காவின் முகத்தில் தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. அந்த எண்ணை விளக்கத்தான் வீட்டில் யாருக்கும் ஒரு தமிழ்ச்சொல் இல்லை.

அமெரிக்காவில் கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் இந்த எண்ணைப் ‘பாயிண்ட் ஸ்பிரெட்’ என்பார்கள். கணினியிடம் கேட்டால் ‘புள்ளிப் பரவல்’ என்கிறது. நமக்குப் பரவல் என்றால் நோய்ப் பரவல், தீப் பரவல். இங்கே எதுவும் பரவவில்லை. இரண்டு குழுக்களின் பலத்துக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஆகவே ‘புள்ளி இடைவெளி’ என்றால் தவறில்லை. ஆனால் அந்த இடைவெளியை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது அதில் விளங்காது.

செய்வது இதுதான். பலமான குழுவிடமிருந்து சில புள்ளிகளை முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். ஒரு கூடைப்பந்துக் குழுவுக்கு -6.5 என்று போட்டிருந்தால், அது குறைந்தது 7 புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். 98-92 என்று முடிந்தால் குழு வென்றது, கட்டியவர் தோற்றார். எதிரணிமேல் +6.5 கட்டியவரோ, குழு தோற்றும் ஜெயித்தார். அரைப் புள்ளியை ஒட்டுவது சமநிலை வராமல் இருக்கத்தான். வெறும் -6 என்றிருந்து வித்தியாசமும் சரியாக 6 என்றால் கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும்.

1940களில் சிகாகோவில் இருந்த சார்ல்ஸ் மெக்நீல் என்ற கணக்கு வாத்தியார்தான் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்பந்தில் இதே எண்ணுக்கு வழங்கும் ‘ஹாண்டிகேப்’ என்ற சொல் அதற்கும் முந்தியது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது, மதிப்புக் குறைந்த பொருளோடு எவ்வளவு சேர்த்துத் தரவேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு, சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். தொப்பிக்குள் கை என்பதுதான் திரிந்து ஹாண்டிகேப் ஆயிற்று. பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. நல்ல குதிரை கூடுதல் எடை சுமந்து ஓடும். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்த கிராஞ்சி திடல்வரை அந்த வழக்கம் நம் ஊரிலும் இருந்தது.

காற்பந்தில் கோல்கள் குறைவு என்பதால் எண்களும் சிறியவை. இங்கே காப்பிக்கடைப் பேச்சில் அரைக் கோலை ‘ஹாஃப் பால்’, ஒரு கோலை ‘ஒன் பால்’ என்பார்கள். கால் கோல், அதாவது 0.25 கோலும் உண்டு. ஆளைக் குழப்புவது அதுதான். -0.25 என்று 20 வெள்ளி கட்டினால், உண்மையில் 10 வெள்ளி 0-க்கும் 10 வெள்ளி -0.5-க்கும் போகிறது. ஆட்டம் 1-1 என்று முடிந்தால் முதல் பத்து திரும்பும், இரண்டாவது பத்து போய்விடும். பாதிப் பணம் மட்டும் கைக்கு வந்திருக்கிறதே என்று வீட்டில் சண்டை வந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சீனர்கள் இந்த முறைக்கு ‘ராங் சியூ’ என்கிறார்கள். ராங் என்றால் விட்டுக்கொடுப்பது, சியூ என்றால் பந்து. இதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது. புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் சின்னப் பையன்களோடு ஆடும்போது, “ரெண்டு கோல் விட்டுத் தர்றோம், வாங்கடா” என்று நாமும் இதைத்தானே சொன்னோம்! சொல் எப்போதோ நம்மிடம் இருந்திருக்கிறது. ‘விட்டுக்கொடுப்புப் புள்ளி’, காற்பந்துக்கு ‘விட்டுக்கொடுப்புக் கோல்’ என்பதே என் தேர்வு. -1.5 என்றால் ஒன்றரைக் கோல் விட்டுக்கொடுக்கிறது, +1.5 என்றால் ஒன்றரைக் கோல் வாங்கிக்கொள்கிறது. விளக்கவுரையே தேவையில்லை.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் பையன்களுக்கு விட்டுக்கொடுத்தது அன்பால். பந்தயம் நடத்துபவர் இந்த எண்ணைப் போடுவது, இரு பக்கமும் பணம் வந்து விழவேண்டும் என்பதற்காக. இரு பக்கமும் வந்தால் அவருடைய தரகு பத்திரம். அமெரிக்க வழக்கப்படி 100 வெல்ல 110 கட்டவேண்டும். நூற்றுக்கு ஐம்பது தடவை சரியாகச் சொல்பவருக்கும் நட்டம்தான். கை கடிக்காமல் இருக்கவே 52.4 தடவை தேவை.

இந்த முறையால் மோசடிக்கும் வசதி கிடைத்தது. தோற்கவேண்டாம், ஜெயித்துக்கொள், வித்தியாசத்தை மட்டும் குறைத்துவிடு என்று ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம். 1951இல் நியூயார்க் சிட்டி கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் சிக்கியது இப்படித்தான். ஆங்கிலத்தில் அதைப் ‘புள்ளி சீவுதல்’ என்ற பொருளில் சொல்வார்கள். நம் ஊரில் விலைபோன ஆட்டம் எதுவானாலும் ‘கேலோங்’தான். கடலில் கம்பு நட்டு மீனை உள்ளே வரவிட்டு மடக்கும் பொறிக்கு மலாயில் அந்தப் பெயர். இதற்குத் தமிழ் தேடி நான் மெனக்கெடவில்லை. அக்காவிடம் சொன்னபோதும் ‘கேலோங்’ என்றுதான் சொன்னேன்; சட்டென்று புரிந்துகொண்டார்.