வாழைப்பழம் போடாத வாழைப்பழ வாசனை

பெங்களூரு இந்திராநகரில் 2010-ல் தொடங்கிய டொய்ட் புரூபப்பில் வார இறுதி மாலைகளில் மேசை கிடைப்பது கஷ்டம். கிடைத்துவிட்டால் அவர்களுடைய கோதுமை பீரான ‘டொய்ட் வைஸ்’ ஒன்று வாங்கி, குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். முதலில் வருவது நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை. அதற்குப் பின்னால் மெலிதாகக் கிராம்பு. ஏதோ எசென்ஸ் கலந்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஜெர்மனியின் பவேரியா பாணியில் காய்ச்சும் இந்தக் கோதுமை பீருக்குள் போவது நான்கே பொருள்கள்: முளைகட்டிய தானியம், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட். வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை.

புரூபப் என்றால் பீரைத் தன் கட்டடத்துக்குள்ளேயே காய்ச்சி, அங்கேயே சாப்பாட்டோடு பரிமாறும் இடம். டொய்ட், ஒயிட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ், ஆர்பர் என்று பெங்களூருவில் இப்படிப் பல இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிய எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நிற்கும். அலங்காரத்துக்கு வைத்தது போலத் தோன்றினாலும் நம் கோப்பைக்கு வருகிற ருசியில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. காய்ச்சுகிறவர் செய்வது இனிப்பான ஒரு தானியச் சாறு மட்டுமே. அதைப் பீராக மாற்றுவது ஈஸ்ட். தொட்டியின் உயரம், வெப்பநிலை, எத்தனை நாள் என்ற கணக்கு எல்லாமே அந்த ஒற்றைச் செல் உயிருக்காகச் செய்கிற ஏற்பாடுகள்.

சாறு எப்படி உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். பார்லியையோ கோதுமையையோ ஊறவைத்து முளைகட்டி, முளை நீளமாக வளரும் முன்பே சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, குழந்தைக்குக் கூழுக்கு அரைக்கிறோமே, அங்கே நடப்பதும் இதே வேதியியல்தான். முளைக்கும் விதை தன்னிடம் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துச் சாப்பிடுவதற்காக அமைலேஸ் நொதிகளை உற்பத்தி செய்கிறது. மால்ட் செய்பவர் அந்த நொதிகள் தயாரானதும் முளையை நிறுத்திவிடுகிறார். புரூபப்புகள் மால்ட்டைத் தாங்களே செய்வதில்லை, மூட்டையாக வாங்குகின்றன.

வாங்கிய மால்ட்டை மாவாக அரைக்காமல் உடைத்து மட்டும் எடுத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தை வெட்டத் தொடங்குகின்றன. இங்கே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்கூட நாக்குக்குத் தெரியும். 62, 63 டிகிரியில் பீட்டா அமைலேஸ் சுறுசுறுப்பாக வேலை செய்து, ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சின்னச் சர்க்கரைகளை நிறைய உண்டாக்கும். முடிவில் பீர் இனிப்பில்லாமல் லேசாக இருக்கும். 69, 70 டிகிரிக்குப் போனால் ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கி, ஈஸ்ட் தொடமுடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் மிஞ்சும். பீருக்குக் கனம் வரும்.

கோதுமையில் இன்னொரு சிக்கல். பார்லிக்கு உமி உண்டு, கோதுமைக்கு இல்லை. சாற்றை வடிக்கும்போது அடியில் படியும் பார்லி உமிதான் இயற்கையான வடிகட்டி. ஜெர்மன் விதிகளின்படி கோதுமை பீரில் குறைந்தது பாதி மால்ட் கோதுமையாக இருக்க வேண்டும். அவ்வளவு கோதுமை போட்டால் கலவை பசைபோல இறுகி, வடிகட்டும் தொட்டி அடைத்துக்கொள்ளும். மீதிப் பாதி பார்லி அங்கே ருசிக்கு மட்டுமில்லாமல் உமிக்காகவும் இருக்கிறது. சில இடங்களில் நெல் உமியையும் சேர்ப்பார்கள்.

டொய்ட்டின் பட்டியலில் பாசுமதி அரிசி சேர்த்த பீர் ஒன்றும் உண்டு. அரிசி மாவுச்சத்து முழுதாக இளகுவதற்குப் பொதுவாக 65 டிகிரி சூடு போதாது. அதனால் இந்த மாதிரி பீர்களுக்கு அரிசியைக் குழைய வேகவைத்தோ, ஏற்கெனவே வெந்த அவலாகவோதான் சேர்க்க வேண்டும். அரிசிக்குச் சொந்தமாக உதவும் நொதிகள் இல்லாததால் பக்கத்தில் இருக்கும் பார்லி மால்ட்டின் நொதிகளே அதையும் உடைத்துக் கொடுக்கின்றன.

வடித்த சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைப்பது அடுத்த கட்டம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் அப்படியே இருந்தால் நீரில் அதிகம் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. நீண்ட கொதியில் அவற்றின் அணு அமைப்பு மாறித்தான் கசப்பு வருகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று டிகிரி சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த வேதிவினை வெப்பத்துக்கு ரொம்ப உணர்வுள்ளது. சென்னை போன்ற கடலோர ஊரோடு ஒப்பிட்டால் கால் பங்கு அளவுக்கு மெதுவாக நடக்கும். அதே கசப்பு வேண்டுமென்றால் அதிக நேரம் கொதிக்கவிட வேண்டும் அல்லது ஹாப்ஸைக் கூட்ட வேண்டும். கோதுமை பீருக்குக் கசப்பு குறைவாக இருந்தாலே போதும் என்பதால் அதற்கு இது பெரிய தலைவலி இல்லை.

சரி, வாழைப்பழத்துக்கு வருவோம்.

கொதித்த சாற்றைச் சட்டென்று 18, 20 டிகிரிக்குக் குளிரவைத்து ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் வெளியிடுவது எல்லா ஈஸ்ட்டும் செய்கிற வேலை. அதோடு நிற்காமல் மிகச் சிறிய அளவில் நூற்றுக்கணக்கான வேறு பொருள்களையும் அவை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமாக இருக்கும் அதே மூலக்கூறு. ஒத்த வாசனையுள்ள வேறொரு பொருள் என்று எண்ண வேண்டாம், அணுவுக்கு அணு அதுவே. தேனீக்கள் கொட்டும்போது கூட்டத்தை எச்சரிக்க வெளியிடுவதும் இதே பொருள்தான். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தேன்கூட்டுப் பக்கம் போகாதே என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இது.

கிராம்பு வாசனையின் கதை இன்னும் சுவாரசியமானது. தானியத்தின் செல் சுவர்களில் ஃபெருலிக் அமிலம் என்றொரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை. கோதுமை பீர் ஈஸ்ட்டிடம் சரியாக இயங்கும் இரண்டு மரபணுக்கள் உண்டு. அவை உண்டாக்கும் நொதிகள் ஃபெருலிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பனை வெட்டி எறிந்து, 4-வினைல்குவையகோல் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு இது நெருங்கிய உறவு. மற்ற பீர்களுக்குப் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகளில் இந்த மரபணுக்கள் பழுதடைந்து கிடக்கின்றன. பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சியவர்கள் கிராம்பு வாடை அடித்த தொட்டியின் ஈஸ்ட்டைத் தள்ளிவிட்டு, வாடை இல்லாததையே அடுத்த முறைக்கு எடுத்துக்கொண்டார்கள். மரபணு என்ற எண்ணமே இல்லாத காலத்தில் மனிதர்கள் நுண்ணுயிரியை வளர்ப்பு உயிராக மாற்றிய விதம் இது. பவேரியாவின் கோதுமை பீர்க்காரர்களுக்கோ அந்த வாடை பிடித்திருந்தது, அதனால் அந்தக் குணம் அங்கே பிழைத்தது.

இந்த இரண்டில் எது தூக்கலாக இருக்க வேண்டும் என்பதைக் காய்ச்சுகிறவர் நன்றாகவே கட்டுப்படுத்த முடியும். கிராம்பு வேண்டுமென்றால் மால்ட்டை முதலில் 45 டிகிரி நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார். அந்தச் சூட்டில் ஃபெருலிக் அமிலம் செல் சுவரிலிருந்து கழன்று வரும், ஈஸ்ட்டுக்கு மூலப்பொருள் கூடும். வாழைப்பழம் வேண்டுமென்றால் நொதிக்கும் தொட்டியை 22, 23 டிகிரி வரை போகவிடுவார். தொட்டியின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. உயரமான தொட்டியில் அடியில் அழுத்தம் அதிகம். கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு, ஐசோஅமைல் அசிடேட் போன்ற பழ வாசனைப் பொருள்களை (எஸ்டர்கள்) ஈஸ்ட் உண்டாக்குவதை அடக்கிவிடும். பவேரியாவில் சில பழைய ஆலைகள் இன்றும் மூடியில்லாத, ஆழம் குறைந்த தொட்டிகளில் கோதுமை பீரை நொதிக்க வைப்பது இதனால்தான். பெரிய ஆலைகளின் பல மாடி உயரத் தொட்டிகளைப் பார்க்க, ஒரு புரூபப்பின் சிறிய தொட்டி இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது.

எல்லா வாசனையும் ஈஸ்ட்டின் கைவேலை என்று சொல்லிவிட முடியாது. டொய்ட்டிலேயே பெல்ஜிய பாணியில் ‘டின்டின்’ என்ற பீர் இருக்கிறது. அந்தப் பாணியில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் நிஜமாகவே போடுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பது நல்ல பாடம்.

புரூபப்புகளின் பட்டியலில் கோதுமை பீரும், அதைப் போலவே மிதமான சூட்டில் நொதிக்கும் ஏல் வகைகளும் அதிகமாகவும் லாகர் குறைவாகவும் இருப்பதற்கு ருசியோடு இடப் பிரச்சினையும் ஒரு காரணம். லாகர் ஈஸ்ட் 10 டிகிரி சுற்றிய குளிரில் மெதுவாக வேலை செய்யும். பிறகு பூஜ்யத்துக்கு அருகே பல வாரம் உறங்க வேண்டும். ஒரு தொட்டியை மாதத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். கோதுமை பீர் இரண்டு மூன்று வாரத்தில் மேசைக்கு வந்துவிடும். வாடகை அதிகமான ஊரில் எண்ணிக் கையளவு தொட்டிகளை வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

சீக்கிரம் வருவதோடு சீக்கிரம் குடிக்கவும் வேண்டும். ஐசோஅமைல் அசிடேட் மாதக்கணக்கில் நிலைப்பதில்லை, பாட்டிலில் கிடக்கக் கிடக்கக் குறைந்துகொண்டே போகும். ஆக்சிஜன் பட்டால் ஈர அட்டைப் பெட்டி வாடை அடிக்கும் பொருள்கள் உருவாகும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து துர்நாற்றமுள்ள கந்தகச் சேர்மமாக மாறும். பச்சை, வெள்ளை பாட்டில்களில் வரும் பீரில் சில சமயம் அந்த நாற்றம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தொட்டியிலிருந்து குழாய் வழியாக நேராகக் கோப்பைக்கு வரும்போது இந்த மூன்று ஆபத்தும் வெகுவாகக் குறைகின்றன. வடிகட்டாமல், கிருமி நீக்கச் சூடு காட்டாமல் கொடுப்பதால் கோதுமையின் புரதமும் கொஞ்சம் ஈஸ்ட்டும் மிதந்து பீர் கலங்கலாக இருக்கும். கோதுமை பீரில் அந்தக் கலங்கல் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட்டைத் தூக்கி எறிவதில்லை. உறைமோர் மாதிரி அதில் ஒரு பகுதியை எடுத்து அடுத்த தொட்டிக்குப் போடுகிறார்கள். ஆனால் பல தலைமுறை இப்படி ஓடினால் அதன் குணம் மாறத் தொடங்கும், வேறு கிருமிகளும் சேரலாம். அப்போது புதிய ஈஸ்ட்டிலிருந்து திரும்பத் தொடங்குவார்கள்.

இனி தட்டுக்கு வருவோம். பெங்களூரு புரூபப்புகளில் பீட்சாவுக்குப் பக்கத்திலேயே காரசாரமான வறுவல்களும் நெய் ரோஸ்ட்டும் இருக்கும். காரத்துக்குப் பீர் இதம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது பாதிதான் சரி. மிளகாயின் கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. 5 சதவீத ஆல்கஹால் அதைக் கரைக்கப் போதாது. அதைவிட முக்கியமாக, நாக்கில் சூட்டையும் காரத்தையும் உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல்தான் ‘சுடுகிறது’ என்று சமிக்ஞை அனுப்பும். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரிக்கு அருகே இறக்கிவிடுகிறது என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது உடம்புச் சூடே எரிச்சலாகத் தோன்றலாம். ஆல்கஹால் தூக்கலான, நல்ல கசப்பான ஐ.பி.ஏ. வகையை ஆந்திரக் காரத்தோடு குடித்தால் வாய் இன்னும் எரிவது இதனால். கோதுமை பீரில் கசப்பு குறைவு, இலேசான இனிப்பு மிச்சமிருக்கும், குளிர்ச்சியும் உண்டு. எரிச்சலைத் தற்காலிகமாகவாவது தணிப்பது இந்தக் குளிர்ச்சியும் இனிப்பும்தான். காரம் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் என் பரிந்துரை எப்போதும் கோதுமை பீர்.

கார்பன் டை ஆக்சைடுக்கும் இதில் வேலை உண்டு. நாக்கின் புளிப்புணரும் செல்களில் இருக்கும் ஒரு நொதி, குமிழ் வாயுவை அமிலமாக மாற்றுகிறது. அந்தச் சுருக்கென்ற புளிப்பு, நெய்யும் சீஸும் படிந்த வாயைச் சுத்தமாக உணர வைக்கிறது. பதிலுக்கு நெய் பீரைப் பழிவாங்கும். தானியப் புரதமும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்து பின்னிய மெல்லிய படலம்தான் நுரையைத் தாங்குகிறது. எண்ணெய் பட்டால் அந்தப் படலம் கிழிந்துவிடும். நெய் ரோஸ்ட் தின்ற உதட்டை வைத்த இடத்திலேயே நுரை அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். வாய் துடைத்துக்கொண்டு குடித்தால் நுரையும், நுரையோடு மேலே வரும் வாசனையும் அதிக நேரம் நிற்கும்.

சாப்பாடு செய்யும் இன்னொரு உதவி இரத்தத்தில் தெரியும். ஆல்கஹாலின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் இரைப்பை அதை மெதுவாகவே கீழே விடும், இரத்தத்தில் உச்ச அளவு குறையும். மொத்த அளவு குறைந்துவிடாது. 5 சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் 100 மில்லி இரத்தத்தில் 40 மில்லிகிராமைத் தாண்டிவிட முடியும், பெண்களுக்கு இன்னும் கூடும். வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம்தான் அகற்றும். எலுமிச்சைச் சாறோ காபியோ அந்த வேகத்தைக் கூட்டாது. இந்திராநகரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது.