புண்ணுக்குள் எதை ஊற்றுகிறீர்கள்?

பெரும்போக விதைப்பு தொடங்கியதும் தம்பலகாமம், மூதூர், கிண்ணியாப் பக்கத்து மாடுகள் வயல்வெளியை விட்டுப் பற்றைக்காட்டு மேய்ச்சலுக்குப் போய்விடும். அங்கே முட்கம்பி கிழித்ததும் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அறுத்ததும் அன்றைக்கே கண்ணில் படாது. பட்டிக்காரர் காணும்போது நாலைந்து நாள் கழிந்திருக்கும். மழையும் சேர்ந்தால் புழு வைத்திருக்கும். அந்தப் பதற்றத்தில் கைக்கு எட்டுவதெல்லாம் உள்ளே போகும்: மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஒயில், நப்தலின் உருண்டைத் தூள், நீர் கலக்காத டெட்டோல். மாதக்கணக்கில் ஆறாமல் இழுபடும் புண்கள் பலவற்றில் முதற் காயத்தைவிட இவை செய்த கெடுதல்தான் பெரிது.

திறந்த புண் தானாக ஆறத் தெரிந்தது. முதலில் வெள்ளையணுக்கள் செத்த சதையையும் கிருமியையும் அகற்றும். மூன்று முதல் ஐந்து நாளில் அடியில் சிவந்த, மணிமணியான இளஞ்சதை எழும். தொட்டால் இரத்தம் கசியும். அது நல்ல அறிகுறி. அதன்மேல் ஓரத்துத் தோல் மெல்ல ஊர்ந்து வரும், புண்ணும் சுருங்கும். மண்ணெண்ணெய் சுட்டுக் கொல்வது இந்த இளஞ்சதையைத்தான். இஞ்சின் ஒயிலில் உள்ள உலோகக் கழிவு, மாடு நக்கும்போது வயிற்றுக்குள் போகிறது. டெட்டோல் பூனைக்கு நஞ்சு. நுரைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் தினமும் ஊற்றினால் கிருமியோடு புதுச் சதையும் அழியும். நாயைக் கடலில் இறக்கினால் புண் ஆறும் என்பது உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து நம்பிக்கை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு; உடலுக்கு ஒத்தது 9 கிராம். மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள்.

கழுவுவதுதான் பாதி வைத்தியம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி. சுற்றியுள்ள மயிரை வெட்டுமுன் புண்ணுக்குள் நீரில் கரையும் ஜெல்லைத் தடவிவிட்டால் வெட்டிய மயிர் அதில் ஒட்டி, கழுவும்போது சேர்ந்து வெளியே வரும். பிறகு 20 மில்லிலீற்றர் சிறிஞ்சில் 18 கேஜ் ஊசியைப் பொருத்திப் பீச்சுங்கள். வெறுமனே வார்த்தால் அழுக்கு நகராது. அதிக அழுத்தத்தில் அடித்தால் அழுக்கு சதைக்குள் புதையும். உள்ளங்கை அளவுப் புண்ணுக்கு ஒரு லீற்றர் வரை போகும். மண்ணும் சாணமும் அப்பிய பெரிய புண்ணுக்கு முதலில் சுத்தமான குழாய்த் தண்ணீரே போதும். கிருமிநாசினி வேண்டுமானால் 10 வீத போவிடோன் அயடினில் 10 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீரில் கலவுங்கள். வெளிறிய பிளேன்ரீ நிறம் வந்தால் சரி. கடுமையாக்கினால் விரைவாக ஆறும் என்று நினைக்க வேண்டாம்.

புண் காய்ந்து அயறு கட்டினால்தான் ஆறும் என்பதும் பிழை. 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வில், பொலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மூடியது. ஈரம் என்றால் மழைநீரோ சேறோ அல்ல. புண்ணின் சொந்த நீர்.

சீழும் செத்த சதையும் உள்ள புண்ணுக்குச் சீனி அருமையான மருந்து. கழுவியபின் ஒரு சென்றிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, மேலே தடித்த கோஸ் வைத்துக் கட்டுங்கள். அது நீரை உறிஞ்சுவதால் கிருமி பெருக முடியாது. ஆனால் சீனி கரைந்து பாகானதும் வேலை நின்றுவிடும்; முதல் நாட்களில் இரண்டு தடவைகூட மாற்ற நேரும். தேனும் அப்படியே. அதற்கு அமிலத்தன்மையும், மெதுவாகப் பெரொக்சைட்டை வெளிவிடும் நொதியும் கூடுதல் பலம். தேனைச் சூடாக்கினால் அந்த நொதி கெடும். காட்டுத் தேனில் கிருமி வித்துகள் இருக்கலாம் என்பதால் ஆழப் புண்ணுக்குக் கிருமிநீக்கிய தேனே நல்லது. அடி முழுதும் சிவந்து கசிவு குறைந்ததும் சீனியை நிறுத்துங்கள். கட்டு நிற்காத விலாப் புண்ணில் இவற்றைத் திறந்தபடி விட்டால் எறும்பும் இலையானும்தான் வரும். அங்கே வைத்தியர் புண்ணைச் சுற்றித் தையல் வளையங்கள் போட்டு, நாடா கோத்துக் கட்டை நிறுத்துவார்.

புழுவில் இன்னும் கவனம் வேண்டும். கிரைசோமியா பெசியானா என்ற ஈயின் புழு உயிர்ச்சதையையே தின்னும். ஓரத்தில் இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கும். தலை உள்ளே, மூச்சுத்துளை பின்புறத்தில். ஆகவே புண்ணின் வாயை வஸ்லினால் மூடிச் சற்று நேரம் விட்டால் மூச்சுக்காக மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். மண்ணெண்ணெய் பட்டுக் குடைவுக்குள்ளேயே செத்தவை அழுகிப் புதுச் சீழைக் கட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பாருங்கள். ஒரு வீத ஐவர்மெக்டின் மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு 1 மில்லிலீற்றர், தோலுக்கடியில். வைத்தியர் எடையை மதித்தே போட வேண்டும். பால் கறக்கும் பசுவுக்கு இது ஆகாது.

தைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சுத்தமான வெட்டு, ஆறு மணித்தியாலத்துக்குள் என்றால் பெரும்பாலும் ஆம். நாய்க்கடி வெளியே சிறு துளை, உள்ளே நசிந்த சதை. உடனே தைத்தால் சீழைப் பூட்டுவதாகிவிடும். மூன்று முதல் ஐந்து நாள் கழுவி, சுத்தமானபின் தைப்பதே முறை. நாய் கடித்த மிருகத்தைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள். எச்சில் உங்கள் காயத்தில் பட்டால் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, விசர்நாய்த் தடுப்பூசிக்கு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நெஞ்சுத் துளையில் காற்று உறிஞ்சும் சத்தம், மூட்டிலிருந்து வழுவழுப்பான நீர், பீறிடும் இரத்தம், குத்துக்காயம் பட்ட ஆட்டின் தாடை இறுக்கம்: இவற்றில் எதுவும் வீட்டு வைத்தியத்துக்குரியதல்ல. நாயின் காலில் கட்டுப் போட்டால் நடு விரல்கள் இரண்டின் நகத்தை வெளியே விடுங்கள். நகங்கள் விலகி நின்றால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்க்க வேண்டும். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்களின் காயத்தைக் கண்டால் துரத்திப் பிடிக்காதீர்கள். ஓட்டத்தின் அதிர்ச்சியே தசையைக் கெடுத்து மானைக் கொல்லக்கூடும். நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.