சிமுலேட்டர் கம்ப்யூட்டருக்குக் காசு எங்கே போக வேண்டும்: ஒரு நீலகிரிக் கணக்கு

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது, விமானம் ஏற வேண்டுமென்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடில் பெரிய மனிதர்கள் வரும் நாளில் ஹெலிகாப்டர் இறங்கும், வெலிங்டன் பக்கம் ராணுவ ஹெலிகாப்டர் வந்து போகும், அவ்வளவுதான். ஆனால் மலையில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட வைக்கும் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறப்பதையும், நம்ம ஊர் டீ பேக்டரி, ரயில் ஸ்டேஷன், ஹெலிபேட் எல்லாவற்றையும் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்து அதற்குள் வைப்பதையும் தடுக்க யாரும் இல்லை. இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்றுதான். கார்டு அப்புறம் இருக்கட்டும். பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிராசசர், ஏன் என்பது ஒரு பிரேமுக்குள், அதாவது திரையில் மாறி மாறி வரும் படங்களில் ஒன்று தயாராவதற்குள், என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும்.

வினாடிக்கு 30 பிரேம் ஓட வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லி வினாடி. அதற்குள் சிமுலேட்டர் உங்கள் ஜாய்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று படிக்க வேண்டும், இறக்கையில் காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது, அதனால் எவ்வளவு விசை என்று கணக்குப் போட வேண்டும், அந்த விசையை வைத்து விமானத்தை ஒரு துளி நகர்த்த வேண்டும், அப்புறம்தான் படம். ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் இந்த விசைக் கணக்கை வினாடிக்கு 120 தடவை போடுகிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக விசை கண்டுபிடித்துக் கூட்டுகிறது. எந்த வழியானாலும் இதில் ஒரு சிக்கல் உண்டு. விமானம் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்பது இந்தக் கணத்து விடையைப் பொறுத்தது, இது முடியாமல் அதைத் தொடங்கவே முடியாது, ஆகவே வேலையைப் பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பத்து கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் முடிக்க வழியில்லை. படிகளின் இடைவெளி பெரிதானால் இன்னும் மோசம்: விமானம் ஒரே தாவலில் அதிக தூரம் போய்விடும், அங்கே விசை எதிர்ப்பக்கம் பலமாக இழுக்கும், அடுத்த படியில் இந்தப் பக்கம் அதைவிடப் பெரிதாகத் தாவும், கடைசியில் கணக்கே நிலைகுலையும். அதனால்தான் பிரேம் சுமார் 20-க்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் தன் கடிகாரத்தையே மெதுவாக ஓட்டுகிறது. நீங்கள் தரையிறங்க பத்து நிமிடம் ஆனது என்று நினைப்பீர்கள், சிமுலேட்டருக்குள் எட்டு நிமிடம்தான் ஓடியிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசசரில் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். "பிராசசர் சும்மாதானே இருக்கிறது" என்று முடிவுகட்டி கார்டை மாற்றியவர்கள் நிறையப் பேர். 14 கோர், 16 கோர் என்று சொல்லி மலிவாக விற்கும் பழைய ஜியான் சர்வர் பிராசசர்களும் இப்படித்தான். ப்ளெண்டரில் கடைசிப் படத்தை ரெண்டர் செய்ய அத்தனை கோரும் உதவும், பறக்கும்போது உதவாது. பட்ஜெட்டுக்கு கோர் ஐ3-12100எஃப், ரைசன் 5 5600 இந்த வகை போதும். முன்னதில் நாலு கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். கேஷ் அளவையும் பாருங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் இந்த நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுக்க ஆகும் நேரத்தைவிட வெளியே இருக்கும் ராம் நினைவகத்திலிருந்து எடுக்கப் பல மடங்கு ஆகும், சிமுலேட்டரோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான எண்களை ஓயாமல் தேடுகிற ஜாதி. 96 எம்பி கேஷ் உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி-க்கு சிமுலேட்டர்காரர்களிடம் அத்தனை மவுசு வந்ததற்குக் காரணம் இதுதான். 5600-ல் இருப்பது 32 எம்பி. அதே பெயரோடு 'ஜி' சேர்ந்த 5600ஜி-யில் 16 எம்பிதான், கடையில் மாற்றிக் கொடுத்தால் கவனியுங்கள்.

கார்டு போதவில்லையா, பிராசசர் போதவில்லையா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். பிரேம் ஏறினால் கார்டு திணறுகிறது. ஏறவே இல்லையென்றால் பிராசசர். 1080பி மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே-யில் அதைப்போல நாலு மடங்கு. மானிட்டரை 1080பி-யோடு நிறுத்திக்கொண்டால் கார்டின் செலவு தானாகக் குறையும். 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒன்று போதும்.

மாடல் செய்கிறவர்களுக்கு அந்த 8 ஜிபி ரொம்ப முக்கியம். 4096-க்கு 4096 புள்ளி அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்), புள்ளிக்கு 4 பைட் வீதம், 64 எம்பி. தூரத்தில் தெரியும்போது பயன்படும் சின்னப் பிரதிகளையும் சேர்த்தால் 85 எம்பி. டீ பேக்டரியின் கூரைத் தகரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று ஐந்து போட்டால் ஒரே கட்டிடம் 400 எம்பி-யைத் தாண்டிவிடும். டிடிஎஸ் என்ற படக்கோப்பு வடிவத்தில் சுருக்கிச் சேமித்தால் இது நாலில் ஒரு பங்காகும், பறக்கும்போது கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இன்னொன்று, கட்டிடத்தை நாற்பது துண்டுகளாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் வரையச் சொல்லி பிராசசர் கார்டுக்குத் தனித்தனியாக உத்தரவு போட வேண்டும். அதே பச்சைத் தேயிலையை ஒரே மூட்டையாகக் கொடுத்தால் எடை போட ஒரு நிமிடம், நாற்பது பைகளில் கொடுத்தால் எடைக்காரர் பாடு என்னவாகும்? துண்டுகளை இணைத்து ஒரே டெக்ஸ்சருக்குள் அடக்குவது, காசு கொடுக்காமல் பிராசசரை மேம்படுத்துவது மாதிரி.

தரைக்கு வருவோம். இலவச சிமுலேட்டர்களின் மலைகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் 11 நாள் ரேடாரில் அளந்த தரவிலிருந்து வருபவை. அதன் நுணுக்கமான பதிப்பிலேயே சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரம்தான் இருக்கும். அதற்குள் அடங்கும் பாறை விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும், குன்னூர் பக்கத்து டால்ஃபின்ஸ் நோஸின் செங்குத்துப் பாறை வெறும் சரிவாகத் தெரியும், சோலைக்காடு இருக்கும் இடத்தில் ரேடார் மரத்தில் பட்டுத் திரும்பியதால் தரையே கொஞ்சம் உயர்ந்திருக்கும். சரிவில் ஒரு கட்டிடத்தை வைத்தால் ஒரு ஓரம் புதைந்து மறு ஓரம் அந்தரத்தில் நிற்கும், ஆகவே மாடலின் சுவர்களைக் கீழே சில மீட்டர் நீட்டிவிடுங்கள். இந்தத் தரவையும் ப்ளெண்டரையும் சிமுலேட்டரையும் ஒன்றாகத் திறந்து வைக்க 16 ஜிபி ராம் வேண்டும், அதையும் ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக, இரண்டு சேனலிலும் படுகிற மாதிரி போடுங்கள். வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் பிரேம் எண்ணிக்கை ஏறாது, ஆனால் பறக்கும்போது புதுத் தரை வந்து சேருகிற நேரத்தில் வரும் திடீர்த் தடுமாற்றம் குறையும்.

இனி மலைக்கே உரிய விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம். ஃபேன் அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும் எடைக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, வெப்பத்தை எடுத்துப்போவதும் குறையும். சென்னையில் 32 டிகிரி அறையில் பிராசசர் 45 டிகிரி ஏறி 77-க்குப் போகிறது என்றால், ஊட்டியில் அந்த ஏற்றம் 55 வரைகூட ஆகலாம், ஆனால் அறையே 15 டிகிரி என்பதால் 70-ல் நிற்கும். அதனால் தண்ணீர்க் குளிர்விப்பான், ஏழெட்டு ஃபேன், வண்ண விளக்கு கேபினட் எல்லாம் இங்கே வெட்டிச் செலவு. இதே மெல்லிய காற்று சிமுலேட்டருக்குள்ளும் வேலை செய்யும்: அந்த உயரத்தில் ஏர்ஸ்பீட் மீட்டர் வழக்கமான எண்ணைக் காட்டும்போது விமானம் உண்மையில் சுமார் 12 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், ஓடுபாதை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மிச்சம் பிடித்த காசை மின்சாரத்துக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் எப்படி வந்து போகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட், பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்த்தாலும் 250-ஐ ஒட்டித்தான் வரும், 360 வாட் தாங்கும் 600 விஏ யுபிஎஸ் சேமித்து அணைக்கப் போதுமானது. பவர் சப்ளையில் மட்டும் பேரம் பேசி மட்டமானதை வாங்காதீர்கள். ஜாய்ஸ்டிக்கில் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் உள்ளது கிடைத்தால் நல்லது, உரசித் தேயும் பாகம் அதில் இல்லை.

ஈரம் பற்றிப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஓடுகிற கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருக்கும், அதில் பனி படியாது. ஆபத்து வேறு இடத்தில்: டிசம்பர் காலையில் ஜில்லென்று இருக்கும் கேபினட்டை ரிப்பேருக்காகக் காரில் வைத்துக் கோவைக்கு இறக்கினால், கீழே உள்ள ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகும். கேபினட்டை உறையில் மூடிக் கட்டுங்கள், கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிவிடுங்கள், பர்லியாறு வளைவுகளில் அது ஆடி ஸ்லாட்டை உடைக்கும். கடைக்குப் போனதும் உடனே சுவிட்சைப் போடாமல், உறையைப் பிரிக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே வைக்கச் சொல்லுங்கள்.