‘வீட்டில் யாருங்க?’: முகவரி கொடுக்கும் சர்வரைச் சோதிப்பது எப்படி

ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகி எழுதியிருந்தார். காலையில் முதலில் போடுகிற கணினிகளில் இணையம் வருகிறது. பதினொரு மணிக்கு மேல் போடுகிறவற்றில் வருவதில்லை. அவற்றில் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் அன்றைக்குச் சரியாகிவிடுகிறது, மறுநாள் மறுபடி அதே கதை. “பாதி மெஷின் ஓடுகிறது என்றால் டிஹெச்சிபி சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது சார்? கேபிளில் கோளாறா?” என்பது அவர் கேள்வி. டிஹெச்சிபி சர்வர் என்பது நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் நிரல்; இந்த ஆய்வகத்தில் அது ரவுட்டருக்குள்ளேயே ஓடுகிறது.

‘பாதி ஓடுகிறது, அதனால் சர்வர் நன்றாக இருக்கிறது’ என்கிற இடத்தில்தான் பலரும் சறுக்குகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் கணினி இந்த சர்வருக்குச் சாட்சி ஆகாது. சர்வர் நேற்று இரவே நின்று போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அந்தக் கணினிக்கு இன்னும் வந்திருக்காது.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும், ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்கு இருக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் எழுதிய பூட்பி முறையில், எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்று ஒருவர் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்க வேண்டியிருந்தது. 1993இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டிஹெச்சிபி அதன் மேலேயே எழுந்தது. முகவரியைக் கெடு வைத்து வாடகைக்கு விடுவது என்ற யோசனை இதில்தான் வந்தது. 1997இல் திருத்தி எழுதிய வடிவம் இன்றும் வீட்டு ரவுட்டர்களில் ஓடுகிறது.

இதில் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஓர் இடம் உண்டு. முகவரியே இல்லாத கணினி, முகவரி கேட்டு எப்படிக் கடிதம் போடும்? அனுப்புநர் என்று எதை எழுதும்? பெறுநர் எங்கே இருக்கிறார் என்றும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் இருட்டில் வாசலில் நின்று “வீட்டில் யாருங்க?” என்று குரல் கொடுப்பாரே, அதைத்தான் அது செய்கிறது. அனுப்புநர் 0.0.0.0. பெறுநர் 255.255.255.255, அதாவது இந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாரும். இந்தக் குரலுக்கு டிஸ்கவர் என்று பெயர்.

பல கணினிகள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால்? ஒவ்வொன்றும் தன் குரலோடு 32 பிட் எண் ஒன்றைத் தானே பொறுக்கிச் சேர்த்து அனுப்பும். பதில் வரும்போது அந்த எண் இருந்தால் தன்னுடையது, இல்லாவிட்டால் அடுத்தவருடையது. பதில் எப்போதும் 68 என்ற போர்ட்டுக்குத்தான் வரும் (போர்ட் என்பது செய்தி எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்). சர்வரின் பதிலும் சில சமயம் எல்லாருக்குமாகவே ஒலிக்க வேண்டியிருக்கும் என்பதால், சம்பந்தமில்லாத வேறொரு நிரலின் காதில் அது விழுந்து குழப்பக் கூடாது என்று 1985லேயே யோசித்துப் போர்ட்டை ஒதுக்கிவிட்டார்கள்.

மின்சாரம் போய்த் திரும்புகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆய்வகத்துக் கணினிகள் எல்லாம் ஒரே நொடியில் விழிக்கும், ஒரே நொடியில் குரல் கொடுக்கும். அதற்காகவே, எழுந்ததும் 1 முதல் 10 நொடிக்குள் ஏதோ ஒரு நேரம் சும்மா காத்திரு என்கிறது விதி. பதில் வராவிட்டால் 4 நொடி கழித்து மறுபடி கேட்கலாம். அந்த 4 நொடியும் சரியாக 4 அல்ல, ஒரு நொடி வரை முன்னே பின்னே தள்ளிப்போகும். அப்புறம் 8 நொடி, 16 நொடி, கடைசியில் 64 நொடிக்கு ஒரு தரம். எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினால் யாருக்கும் காது கேட்காது. ஆளுக்கொரு நொடி தள்ளினால் எல்லாருக்கும் பதில் கிடைக்கும். இவ்வளவு எளிய தீர்வு எனக்கு இன்றும் பெரிய அழகாகப் படுகிறது.

குரல் கேட்ட சர்வர் “192.168.1.131 தருகிறேன்” என்று ஆஃபர் அனுப்பும். “சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்று கணினி ரிக்வெஸ்ட் அனுப்பும், அதுவும் எல்லாருக்கும் கேட்கும்படி. இரண்டு சர்வர்கள் ஆஃபர் கொடுத்திருந்தால், தேர்ந்தெடுக்கப்படாத சர்வர் அதைக் கேட்டுத் தான் ஒதுக்கி வைத்த முகவரியைக் கையிருப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். கடைசியாக, வாடகைக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி, சர்வரிடமிருந்து ‘ஆக்’ என்ற ஒப்புதல். மொத்தம் நான்கு செய்தி.

அதற்குப் பிறகு கணினி சர்வர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது, பாதிக் கெடு முடியும் வரை. விண்டோஸ் சர்வரில் முன்னமைவாக இருக்கும் கெடு 8 நாள். நான்காம் நாள், முகவரி கொடுத்த அதே சர்வரிடம் மட்டும் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையா, பரவாயில்லை, அவ்வப்போது கேட்டுக்கொண்டே வேலையைத் தொடரும். கெடுவில் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், அதாவது ஏழாம் நாள், “யாராவது புதுப்பித்துக் கொடுங்கள்” என்று எல்லாரையும் பார்த்துக் குரல் கொடுக்கும். எட்டாம் நாள் முடிந்தும் யாரும் வரவில்லை என்றால்தான் முகவரியைக் கீழே வைக்கும். ஆக, சர்வர் திங்கட்கிழமை நின்றாலும் சில கணினிகள் அடுத்த திங்கள் வரைகூட ஒரு சிணுங்கலும் இல்லாமல் ஓடலாம். அன்றைக்குப் புதிதாக வந்த போன் மட்டும் சேர முடியாமல் தவிக்கும், எல்லாரும் போனைத் திட்டுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இது அப்படியே நடந்து, புது லேப்டாப் ஒன்று இரண்டு முறை பழுது பார்க்கப் போய்விட்டு வந்தது.

இப்போது அந்த 169.254. அது எந்த சர்வரும் கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராத கணினி, 169.254 தொகுப்பிலிருந்து ஓர் எண்ணைத் தானே எடுத்து, “இது யாரிடமாவது இருக்கிறதா?” என்று விசாரித்துவிட்டு வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கணினியோடு பேச அது போதும், வெளியே போக முடியாது. அதைப் பார்த்தால் ஒன்று நிச்சயம்: கணினி கேட்டது, பயன்படும் பதில் வரவில்லை. கேபிள் அறுந்ததாலா, சர்வர் நின்றதாலா, சர்வரிடம் கொடுக்க எதுவும் இல்லாததாலா என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்ல வைப்பதுதான் சோதனை. விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ‘ஆல்’ சேர்த்துக் கொடுத்தால், முகவரி எந்த சர்வரிடமிருந்து வந்தது, எப்போது வாங்கியது, எப்போது முடிகிறது என்று வரும். வாங்கிய நேரம்தான் சர்வர் கடைசியாக உயிரோடு இருந்ததற்கு உங்களிடம் உள்ள சாட்சி. இன்றைய நிலை தெரிய வேண்டுமானால் புது ஆளாகப் போய்க் கேட்க வேண்டும். அதே கட்டளையோடு வெறும் ‘ரினியூ’ சேர்த்தால் போதாது, அது பழைய வாடகைதாரராகத் தெரிந்த சர்வரின் கதவைத் தட்டுவது. முதலில் ‘ரிலீஸ்’ கொடுத்து முகவரியைத் திருப்பித் தந்துவிட்டு, அப்புறம் ‘ரினியூ’ கொடுங்கள். அப்போதுதான் டிஸ்கவரிலிருந்து நான்கு செய்தியும் நடக்கும். தொலைவிலிருந்து இயக்கும் கணினியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், ரிலீஸ் கொடுத்த நொடியே தொடர்பு போய்விடும்.

அதே நேரம், நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலைத் திறந்து வடிகட்டியில் டிஹெச்சிபி என்று போட்டு வையுங்கள். நான்கு வரிகள் அடுத்தடுத்து வந்தால் சர்வர் நலம். டிஸ்கவர் மட்டும் 4, 8, 16 நொடி என்று இடைவெளி நீண்டுகொண்டே வந்தால் பதில் சொல்ல ஆளில்லை. அப்போது சர்வர் பக்கமும் இதையே பாருங்கள். அங்கே டிஸ்கவர் வந்து சேரவே இல்லை என்றால் தப்பு வழியில், கேபிளிலோ நெட்வொர்க் சுவிட்சிலோ. வந்து சேர்ந்தும் ஆஃபர் போகவில்லை என்றால் தப்பு சர்வரில். இரண்டு வேறு சர்வர்களிடமிருந்து ஆஃபர் வந்தால், யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை நெட்வொர்க்கில் செருகியிருக்கிறார்களா என்று தேடுங்கள். சர்வர் நிரல் ஓடுகிறது, சர்வர் குரல் கேட்கும் 67ஆம் போர்ட் திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். கடை திறந்திருப்பதும் கடையில் சரக்கு இருப்பதும் ஒன்றல்ல.

வாசகியிடம் இதைச் செய்து பார்க்கச் சொன்னேன். டிஸ்கவர் ரவுட்டருக்குப் போய்ச் சேர்ந்தது, ஆஃபர் வரவில்லை. முகவரிப் பட்டியலைப் பார்த்தால் இருந்த 150 முகவரியும் தீர்ந்திருந்தது. கெடு 12 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்கு அணைத்த கணினிகளின் கெடு விடியும் முன்பே முடிந்துவிடும், காலையில் வைஃபைக்குள் நுழையும் மாணவர்களின் போன்கள் மிச்சத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும், தாமதமாகப் போட்ட கணினிக்கு ஒன்றும் இருக்காது.

அப்படியானால் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சரியானது ஏன்? சின்ன ரவுட்டர்கள் பலவற்றில் இந்தப் பட்டியல் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதே ரவுட்டருக்கு மறந்துவிடும். வந்துவிட்டுப் போன போன்களின் முகவரிகளெல்லாம் திடீரென்று காலியாகத் தெரியும். ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு போனின் முகவரியையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. ‘அணைத்துப் போடு’ என்பது நம் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கையாகவே வளர்ந்துவிட்டது. சில சமயம் பலிக்கிறது என்பதாலேயே அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பரிகாரம் பலித்ததாகத் தோன்றும் எந்த இடத்திலும் ஏன் பலித்தது என்று ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கிறது. ஏராளமான ரவுட்டர்களில் முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை எழுதிப் பராமரித்து வருபவர் சைமன் கெல்லி என்ற தனி மனிதர், அதையும் இலவசமாகவே கொடுக்கிறார். புது ஆய்வகம் திறக்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு, இப்படி ஏற்கெனவே எல்லாரையும் தாங்கிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கும், ஆய்வகத்தில் நெட்வொர்க் செய்திகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரின் சம்பளத்துக்கும் போக வேண்டும்.

வாசகி ஆய்வகக் கணினிகளுக்குத் தனியாக ஒரு தொகுப்பை ஒதுக்கினார், போன்களுக்கான கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். மறுநாள் பதினொன்றரை மணிக்கு ஒரு படம் அனுப்பினார். கடைசி வரிசைக் கணினி, வயர்ஷார்க் திரை, அதில் நான்கு வரிகள். முதல் வரியில் 0.0.0.0, கடைசி வரியில் ஆக்.