நிற்காமல் எழுதும் டிஸ்க்

கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எட்டு கண்காணிப்பு கேமரா பொருத்தினார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கையே ரெக்கார்டருக்குள் போட்டுவிட்டார். பத்து மாதம் கழித்துக் கல்லாவில் பணம் குறைந்த ஒரு நாளைத் தேடினால், நடுநடுவே படமே இல்லை. கேமராக்களில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்தான் தாக்குப்பிடிக்கவில்லை.

வேகம் போதாமல் இப்படி ஆவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் அது அரை மெகாபைட். எட்டுக்கும் சேர்த்து 4 மெகாபைட். சாதாரண டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட் எழுதிவிடும். ஆனால் இந்த 4 மெகாபைட் ராத்திரி பகல் பார்க்காமல் வந்துகொண்டே இருக்கிறது. நாளுக்கு 345 ஜிகாபைட், வருடத்துக்கு 126 டெராபைட்! வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பெரும்பாலும் வருடத்துக்கு 55 டெராபைட் வேலைக்கே செய்யப்படுகின்றன. கண்காணிப்புக்கென்று வரும் சீகேட் ஸ்கைஹாக், வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி பர்ப்பிள் வரிசைகளில் அது 180.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, தடுமாறும்போது டிஸ்க் என்ன செய்கிறது என்பதுதான். கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு ஒவ்வொரு பைட்டும் உயிர். வங்கிக் கணக்கில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும்? அதனால் ஒரு இடம் பழுதானால் திரும்பத் திரும்ப முயன்று பல நொடிகளைச் செலவிடும். கேமரா அதுவரை காத்திருக்காது. ரெக்கார்டரின் தற்காலிக நினைவகம் நிரம்பி, வந்த காட்சிகள் வழிந்து போகும். கண்காணிப்பு டிஸ்க் அப்படி மல்லுக்கட்டாது. படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி கெட்டாலும் சரி என்று அடுத்ததை எழுதப் போய்விடும். திருடன் முகம் தெரிய அது போதும்.

இன்னொன்றையும் விசாரித்து வாங்க வேண்டும். சில டிஸ்க்குகளில் இடத்தை மிச்சப்படுத்த, கூரை ஓடு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். எஸ்எம்ஆர் என்று பெயர். நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற, அதன்மேல் படிந்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டுமல்லவா, அதே பாடுதான். பழைய நாளை அழித்துப் புது நாளை எழுதிக்கொண்டே இருக்கும் ரெக்கார்டருக்கு இதனால் திணறல் வரலாம். தடங்கள் தனித்தனியாக உள்ள சிஎம்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை மட்டும் நம்ப முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல், நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கான தன் ரெட் வரிசையில் சில மாடல்களை எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது 2020-இல்தான் வெளியே தெரிந்தது.

அப்புறம் கொள்ளளவு. 4 டெராபைட் போட்டால் அந்த எட்டு கேமராவுக்கு 11 நாள்தான். எச்.265 என்ற புதிய வீடியோ முறையில் சுருக்கினால், பழைய எச்.264-ஐவிட அளவு ஏறக்குறைய பாதியாகும். அப்போதும் வருடத்துக்கு 63 டெராபைட், பழைய டிஸ்க்கின் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது.

நண்பர் இப்போது எச்.265-க்கு மாறி, 6 டெராபைட் கண்காணிப்பு டிஸ்க் போட்டிருக்கிறார். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் பதிவு நிற்கிறது. மாதம் ஒருமுறை, இருப்பதிலேயே பழைய நாளைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிடுகிறார்.